கணவருக்குத் தெரியாமல் மாத்திரை கலந்தேன்: இப்போது அந்த உண்மையைச் சொல்வதா, வேண்டாமா?

கரிசல் மகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இதை எழுதத் துணிவு வருவதற்கு எனக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

என் கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். 11 ஆண்டுகள் குடித்தார். முதலில் சம்பள நாளில் மட்டும், பிறகு ஒவ்வோர் இரவும், கடைசி இரண்டு ஆண்டுகளாகக் கைநடுக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகக் காலையிலும் குடித்தார். கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தோம். சில ஆண்டுகள் ஐயப்பனுக்கு மாலை போட்டார். மண்டலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடமாட்டார், மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடைக்குப் போய்விடுவார்.

ஒருமுறை காய்ச்சலில் படுத்து ஒரு வாரம் குடிக்காமல் இருந்தார். அந்த வாரத்தில் என் தம்பி ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். மருத்துவர் சீட்டு இல்லாமலே ஒரு மருந்துக் கடையில் வாங்கியது. பொடித்துச் சாப்பாட்டில் கலந்துவிட்டால், அடுத்த முறை குடித்ததும் வாந்தி வரும், தானாக வெறுத்துவிடுவார் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் ஐந்து நாள் காலையில் சட்னியில் கலந்து வைத்தேன். ஆறாம் நாள் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே பங்காளிகளோடு சேர்ந்து குடித்தார். அரைமணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் செக்கச் சிவந்துவிட்டன, மூச்சு வாங்கியது, வாந்தி எடுத்தபடியே மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது வராந்தாவில் நின்று அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். என் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கோயில் வாசலில் குடித்ததால் குலதெய்வம் தன்னைத் தண்டித்துவிட்டதாக அவர் நம்புகிறார். அன்றோடு நிறுத்தினார். மனநல மருத்துவரைப் பார்த்தார், ஞாயிறுதோறும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இயக்கம்) கூட்டத்துக்குப் போகிறார். இன்றோடு 74 நாள். கூட்டம் முடிந்து வந்து, அங்கே பகிர்ந்ததை எல்லாம் என்னிடமும் சொல்கிறார். என் சங்கிலியை அடகு வைத்துவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொன்னது தான்தான் என்று சென்ற வாரம் சொல்லி அழுதார். நான் அவருக்குப் பக்கத்தில் என் பொய்யோடு உட்கார்ந்திருந்தேன்.

சொன்னால், தெய்வம் தண்டித்தது என்ற நம்பிக்கை உடைந்து மீண்டும் குடித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பதும் தாங்க முடியவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

தாமிரபரணி

சகோதரி, சொல்லாதீர்கள். என் அப்பாவும் குடித்தவர், கணவரும் குடித்தவர் என்பதால் இதை எழுதுகிறேன். நம் குடும்பங்களில் உண்மையைச் சொல்லும் பெண்தான் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாளைக்கே ஏதோ ஒரு காரணத்தால் அவர் குடித்துவிட்டால், "நீ எனக்கு விஷம் வைத்தவள்தானே" என்ற ஒரு சொல் போதும். அவருடைய 11 ஆண்டுக் குடி முழுவதும் உங்கள் ஐந்து நாள் சட்னிக்குள் மறைந்துவிடும். மாமியார் வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், உங்கள் தம்பி அந்த வீட்டுப் படி ஏற முடியாது. 74 நாள் என்பது எங்கள் வீட்டில் ஒருமுறைகூட வந்ததில்லை. அதை ஆபத்தில் நிறுத்தாதீர்கள்.

ஒன்பதாம் ஆண்டு

நான் ஒரு குடிநோயாளி. குடியை நிறுத்தி 9 ஆண்டுகள் ஆகின்றன. தாமிரபரணி அவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பயத்தை வீட்டில் விதைத்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தாம். ஆயினும் நான் வேறு விதமாக நினைக்கிறேன்.

எங்கள் நோயில் குடி பாதி, பொய் பாதி. வைக்கோல் படப்பில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பைக்கின் பக்கப் பெட்டியில் என்று புட்டி வைக்க எனக்கு ஏழு இடங்கள் இருந்தன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. கடையில் போய் நிற்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே, வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று மனம் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடும். முதல்முறை மருத்துவமனையில் சேர்ந்தபோது, நாளொன்றுக்கு எவ்வளவு என்று மருத்துவர் கேட்டார். ஒரு குவார்ட்டர் என்றேன். உண்மை மூன்று குவார்ட்டர். அவர் என் சொல்லை நம்பி அந்தக் கணக்குக்கு மருந்து எழுதினார். இரண்டாம் நாள் இரவு எனக்கு வலிப்பு வந்தது. நெடுங்காலமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம், அதற்கு அடுத்த நாள்களில் மனக்குழப்பமும் இல்லாதவை கண்ணில் தெரிவதும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

உங்கள் கணவர் போகும் கூட்டம் எப்படிப் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த பில் என்ற பங்குச்சந்தைத் தரகர் தொழிலில் தோற்று, ஒரு விடுதியின் முன்கூடத்தில் தனியாக நின்றார். பக்கத்தில் மது அருந்தும் கூடம். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த மாதங்களில் எத்தனையோ குடிகாரர்களுக்குப் புத்தி சொல்லிப் பார்த்திருந்தார், ஒருவரும் திருந்தவில்லை. அன்று, தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தொலைபேசியில் அழைத்து அழைத்துக் கடைசியில் பாப் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால்மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்த மருத்துவர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார், ஏனென்றால் பில் அன்று உபதேசம் எதுவும் செய்யாமல் தன் கதையைச் சொன்னார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறோம். எங்களைக் குணப்படுத்தத் தொடங்கிய முதல் மருந்து அப்படி ஒருவர் மறைக்காமல் பேசிய பேச்சுத்தான்.

தண்டனைப் பயத்தில் நிறுத்தியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம், மாலையின் மண்டலம்போல, ஒருநாள் முடிந்துபோகும்.

மனநலச் செவிலியர்

நான் மதுமீட்புப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். முதலில் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே எண்ணத்தோடு கையில் அட்டையை வைத்துக்கொண்டு இந்த இழையைப் படிப்பவர்கள் இருக்கக்கூடும்.

நீங்கள் விவரிப்பது டைசல்பிராமாக இருக்க வேண்டும். உடலுக்குள் போன ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறும். பிறகு ஒரு நொதி அதைச் சிதைக்கும். இந்த மருந்து அந்த நொதியைத் தடுப்பதால் நச்சு இரத்தத்தில் தேங்குகிறது. முகச் சிவப்பு, படபடப்பு, வாந்தி, அழுத்தம் இறங்குதல் எல்லாம் அதனால்தான். இதயமோ கல்லீரலோ கெட்டிருப்பவருக்கு மரணம்கூட நேரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு உடலில் இருக்கும். அதனால் மருந்து தன்னுள் இருப்பதை அறியாதவர் ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தைக் குடித்துக்கூட மாட்டிக்கொள்ளலாம். எடுத்துக்கொள்பவரின் முழு அறிவும் சம்மதமும் இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது.

இதே மாத்திரை வெளிப்படையாகக் கொடுக்கப்படும்போது வேறு விதமாக வேலை செய்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தம்பதியருக்கான சிகிச்சையில் ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு நாளும் கணவர் தம் கையாலேயே மாத்திரையை எடுத்து மனைவியின் முன்னால் விழுங்குவார். இன்று குடிக்கமாட்டேன் என்று சொல்வார். மனைவி நன்றி சொல்வார். அதற்குப் பிறகு அந்த நாள் முழுவதும் பழைய குடியைப் பற்றி இருவரும் பேசக் கூடாது. குடிக்கலாமா வேண்டாமா என்று மாலை வரை மனத்துக்குள் நடக்கும் போராட்டம் காலையிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. மறைத்துக் கலந்தால் நடப்பது நேர் எதிர். அவர் எந்த முடிவையும் எடுப்பதில்லை, அவருடைய உடல்தான் அடி வாங்குகிறது.

சகோதரி, இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அன்று மருத்துவரிடம் சொன்னது பெரும்பாலும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். மருத்துவமனையில் கொடுத்த சுருக்கத்திலும் இருக்கலாம். இன்னொரு மருத்துவர் அதைப் படித்துவிட்டு அவரிடம் எதார்த்தமாகக் கேட்டுவிடக்கூடும். உங்கள் வாயால் தெரிவதா, ஒரு தாளிலிருந்து தெரிவதா என்ற கேள்விதான் மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சொல்வதாக இருந்தால் அவருடைய மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். கணவர் பசியோடோ களைப்போடோ இருக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள். உங்களை அடித்த வரலாறு இருந்தால் மட்டும் இருவரும் தனியாக இருக்கும் நேரத்தில் சொல்லவே வேண்டாம்; மருத்துவர் முன்னிலையில் சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் குடும்பம் தவறு செய்ததாகத் தோன்றலாம். 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 வீடுகளும் கயிறு, மாலை, மாத்திரைப் பொடி என்று கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டுதான் நாளைக் கடத்துகின்றன.

கரிசல் மகள்

அவர் என்னை ஒருநாளும் கை நீட்டியதில்லை. பேச்சில் மட்டும் காயப்படுத்தியிருக்கிறார். மருத்துவமனைத் தாள் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அந்த மருந்தின் பெயர் எனக்கே படிக்கத் தெரிகிறது.

மேற்குத் தெரு

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். என் வீட்டாரும் என்னிடம் ஒரு பொய் சொன்னார்கள். நிலப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி ஒரு காரில் ஏற்றினார்கள். கார் ஒரு மறுவாழ்வு மையத்துக்குள் போய் நின்றது, கதவு பூட்டப்பட்டது. 90 நாள் உள்ளே இருந்தேன். தொலைபேசி கிடையாது. எதிர்த்துப் பேசியவர்களை அங்கே எப்படி நடத்தினார்கள் என்பதை எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது என்பதும், சம்மதமில்லாமல் ஒருவரைச் சேர்ப்பதற்கு அதில் நிபந்தனைகள் இருக்கின்றன என்பதும் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்த அன்று பேருந்து நிலையத்திலேயே குடித்தேன். அடைத்து வைத்ததைக் காட்டிலும், அந்தக் காரில் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் நான் அவரிடம் உண்மை என்று எதையும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய கடமை இருப்பதாகவும் நினைக்கவில்லை. நீயும் பொய் சொன்னாய், நானும் சொல்கிறேன் என்பதே என் நியாயமாக இருந்தது. குடிப்பவனுக்கு அதைவிட வசதியான நியாயம் கிடையாது.

ஒருநாள் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "அன்றைக்கு உன்னிடம் பொய் சொல்லித்தான் கூட்டிப் போனேன். செத்துப் போய்விடுவாய் என்ற பயம். தப்புத்தான்" என்றார். நீ இப்படிக் குடித்ததால்தானே என்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்தில்தான் பரணில் ஒளித்து வைத்திருந்ததை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே சகோதரி, சொல்லும்போது உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். அவருடைய பங்கை அவர் ஏற்கெனவே ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

வைகைக் கரை

நான் எழுதுவது உங்களைத் தளரச் செய்யலாம். ஆனாலும் ஒருவராவது எழுத வேண்டும். நானும் உண்மை பேசினேன். மூன்று ஆண்டுகளாக என் கணவருடைய அலுவலகத்துக்கு டைபாய்டு, மூட்டுவலி, மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று நானே தொலைபேசியில் சொல்லிவந்தேன். கடைசியில் ஒருநாள், இனிமேல் உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன், இதுவரை சொன்னதையும் மேலாளரிடம் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் தெரிவித்தேன். அப்போது அவர் குடிக்காமல் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அன்று இரவே குடித்தார். இன்றும் குடிக்கிறார். நானும் பிள்ளைகளும் தனியாக இருக்கிறோம்.

சொன்னதற்காக நான் வருந்தவில்லை. குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவர் குடித்ததற்கு என் சொல் காரணம் ஆகாது என்பதை ஏற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எனினும், உண்மை பேசினால் அவர் கட்டாயம் மீண்டுவிடுவார் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். அந்த வாக்கை நம்பித்தான் நான் அன்று பேசினேன்.

எனக்குப் பலம் கொடுத்த ஒரு பெயரைச் சொல்கிறேன். சாந்தி ரங்கநாதன் அவர்கள் பெரிய தொழில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவரைக் குடிநோய்க்கு இழந்தவர். அப்படிப்பட்ட வீடுகளில் மாரடைப்பு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதுதான் வழக்கம். அவர் அப்படி முடிக்கவில்லை. 1980-இல் சென்னையில் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையை நிறுவி, குடிநோய்க்குச் சிகிச்சை தொடங்கினார். அங்கே குடிநோயாளியோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். போனவரைப் பற்றிய உண்மைகூட யாருக்கோ உதவுகிறது என்பதை அவரிடமிருந்து கற்றேன்.

தாமிரபரணி

மருத்துவமனைத் தாள் பற்றிப் படித்ததும் யோசித்தேன். அது இருக்கும்போது மறைக்க முடியாது என்பது சரிதான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். மனத்தில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடுவது கொட்டுபவருக்கு ஆறுதல். வாங்கிக்கொள்பவருக்கு?

ஒன்பதாம் ஆண்டு

சரியான கேள்வி, அம்மா. குடியிலிருந்து மீள எங்கள் இயக்கம் வகுத்திருக்கும் 12 படிகளில் ஒன்பதாவது, நாம் தீங்கு செய்தவர்களிடம் நேரில் போய்ப் பரிகாரம் செய்யச் சொல்கிறது. ஆனால் அப்படிச் செய்வது அவர்களையோ பிறரையோ காயப்படுத்துமானால் வேண்டாம் என்று அதே படியில் ஒரு விலக்கும் இருக்கிறது. என் வழிகாட்டி அந்த விலக்குக்காகவே என்னை எட்டு மாதம் காக்க வைத்தார். அண்ணியின் பணத்தை எடுத்ததை அவரிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு செயலைப் பற்றி இன்றுவரை சம்பந்தப்பட்டவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத் தூக்கம் வரும், அவருக்குப் போகும். அதை வழிகாட்டியிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவருடைய நிலை வேறு. இது கணவரின் சொந்த உடலைப் பற்றிய செய்தி. தன் இதயத்துக்கோ மூளைக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுகூட அவர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கலாம். தனக்கு நேர்ந்தது என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

கரிசல் மகள்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மருத்துவரிடம் முன்பே பேசிவிட்டு, சென்ற சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு சொன்னேன். தாளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பயத்தில் செய்தேன், உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேன் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கெல்லாம் தெரியும்?" என்பதுதான். மருத்துவருக்கும் தம்பிக்கும் என்றேன். தம்பிக்குத் தெரியும் என்பதுதான் அவரை அதிகம் சுட்டது. இத்தனை நாள் பந்தியில் அவன் தனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறானே என்றார். பிறகு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் விடியும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போகும் ஓசை கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை அவர் வீட்டில் சாப்பிடவில்லை. திங்களும் செவ்வாயும் கடையில்தான் சாப்பிட்டார். சட்னிக் கிண்ணத்தை அவர் ஒருமுறை பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கூட்டத்துக்குப் போனார், அங்கே என்ன பகிர்ந்தார் என்று இந்த முறை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை இரவு அவராகவே பேசினார். அப்படியானால் சாமி தண்டிக்கவில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். வெகு நேரம் கழித்து, 31-ஆம் நாள் அச்சக வாசல் வரை ஒருவன் வாங்கி வந்து நீட்டியதாகவும், கையில் வாங்கி மூடியைத் திறந்துவிட்டு, மறுபடியும் அப்படி விழுந்து சாக வேண்டியிருக்கும் என்ற பயத்தில் மட்டுமே கீழே ஊற்றியதாகவும் சொன்னார். கூட்டத்தில் அதை மன உறுதி என்று பகிர்ந்தாராம். அது பொய் என்றார்.

அந்த மாத்திரையை முறையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்கிறார். தன் கையால்தான் எடுப்பாராம், சட்னி இனிமேல் அவரே அரைப்பாராம். கல்லீரல் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல முடியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரத்தம் எடுக்க வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். இருவரும் போகிறோம். தம்பியிடம் அவர் இன்னும் பேசவில்லை.